கிள்ளுவதற்கு முன் பார்த்துவிடுங்கள்: மூச்சுக்குழாய் பயாப்ஸியில் நேரோ பேண்ட் ஒளி – முழுமையான வழிகாட்டி

மூச்சுக்குழாய்க்குள் விட்டுப் பார்க்கும் கேமராக் குழாயான பிராங்கோஸ்கோப்பின் கைப்பிடியில் உள்ள ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். திரையில் இளஞ்சிவப்பாகத் தெரிந்த மூச்சுக்குழாய்ச் சுவர் சட்டென்று சாம்பல் கலந்த பச்சைக்கு மாறிவிடும். அதுவரை கண்ணில் படாத மெல்லிய ரத்தக்குழாய்கள் பழுப்பு நூல்களாக எடுத்துக் காட்டும். முதல் தடவை பார்க்கும் பயிற்சி மருத்துவர்கள் அசந்துபோவார்கள். அப்புறம் ஆர்வத்தில், பயாப்ஸிக்குத் திசு எடுக்கும் இடுக்கியான ஃபோர்செப்ஸை விட்டு ஒரு கிள்ளு கிள்ளுவார்கள். ரத்தம் கசியும், திரை கருக்கும். "சார், என்பிஐ (நேரோ பேண்ட் ஒளி) வேலை செய்யவில்லை" என்பார்கள்.

அது வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது. ஹீமோகுளோபின் நன்றாக உறிஞ்சும் ஒளியைத் தேர்ந்தெடுத்துத்தான் இந்த முறையையே உருவாக்கியிருக்கிறார்கள். சுவருக்குள் ஓடும் ரத்தத்தைத் துல்லியமாகக் காட்டுவதும், சுவருக்கு வெளியே கொட்டிய ரத்தத்தில் குருடாவதும் அதே குணத்தால்தான். ஆகவே இந்த ஒளிக்கு உரிய நேரம் முதல் கிள்ளுக்கு முன்னால் இருக்கும் சில நிமிடங்கள். கீழே சொல்லியிருக்கும் பெரும்பாலான படிகள் அந்தச் சில நிமிடங்களைக் கெடுக்காமல் பார்த்துக்கொள்வதற்காகத்தான்.

இது பிராங்கோஸ்கோபி அடிப்படை தெரிந்த மருத்துவர்களுக்கும், ஸ்கோப் அறையில் கூட நிற்கும் செவிலியர்களுக்கும் டெக்னீஷியன்களுக்கும் எழுதியது. நோயாளியின் வீட்டார் படித்தாலும் உள்ளே என்ன நடக்கிறது என்பது புரியும்.

ஒளி என்ன செய்கிறது

1897-இல் ஜெர்மனியின் ஃப்ரைபர்க் நகரில் குஸ்டாவ் கிலியன் ஒரு விவசாயியின் மூச்சுக்குழாயில் சிக்கிய எலும்புத் துண்டை விறைப்பான குழாய் வழியாக எடுத்தார். 1960-களில் ஜப்பானின் ஷிகெட்டோ இக்கேடா வளையும் பிராங்கோஸ்கோப்பைக் கொண்டுவந்தார். கருவி மாறினாலும் வெள்ளை ஒளியில் பார்ப்பது மாறவில்லை. வெள்ளை ஒளியில் கட்டி தெரியும், வீக்கம் தெரியும், சிவப்பு தெரியும். ஆனால் சளிச்சவ்வின் மேலடுக்கில் சில செல் தடிமனில் மட்டும் நடக்கும் மாற்றம் அதில் எளிதில் தப்பிவிடும்.

நேரோ பேண்ட் இமேஜிங், சுருக்கமாக என்பிஐ, வெள்ளை ஒளியிலிருந்து இரண்டு குறுகிய பட்டைகளை மட்டும் விடுகிறது. ஒன்று 415 நானோமீட்டரை மையமாகக் கொண்ட நீலம், மற்றது 540 நானோமீட்டரை மையமாகக் கொண்ட பச்சை. இரண்டையும் ஹீமோகுளோபின் நன்றாக உறிஞ்சும். அலைநீளம் குறைந்த நீலம் ஆழமாகப் போகாது. சளிச்சவ்வின் மேற்பரப்பிலேயே சிதறித் திரும்பிவிடுவதால், அங்கே இருக்கும் நுண்ணிய ரத்தக்குழாய்களின் செய்தி மட்டுமே அதில் இருக்கும். பச்சை இன்னும் கொஞ்சம் கீழே போய் அடியில் ஓடும் தடித்த குழாய்களைத் தொட்டு வரும். கருவி இந்த இரண்டு செய்திகளுக்கும் வெவ்வேறு வண்ணம் கொடுக்கிறது. மேலே உள்ள நுண்குழாய் பழுப்பாகவும், அடியில் உள்ள குழாய் நீலப்பச்சையாகவும் தெரியும். திரையில் எந்த ஆழத்தைப் பார்க்கிறோம் என்பதை நிறத்தை வைத்தே சொல்லிவிடலாம்.

இதற்கு ஒன்றுவிட்ட அண்ணன் மாதிரி ஒன்று உண்டு: தன்னொளிர்வு பிராங்கோஸ்கோபி. 1990-களின் தொடக்கத்தில் கனடாவின் வான்கூவரில் ஸ்டீபன் லாம் குழுவினர் 442 நானோமீட்டர் லேசரை வைத்து உருவாக்கிய லைஃப் கருவிதான் இதற்குப் பாதை போட்டது. நீல ஒளி பட்டால் ஆரோக்கியமான சுவர் தானாகவே பச்சையாக ஒளிரும். மேலடுக்கு தடித்து, ரத்த ஓட்டம் கூடி, செல்கள் மாறத் தொடங்கினால் அந்தப் பச்சை மங்கும். பழைய கருவிகளில் அந்த இடம் செம்பழுப்பாகவும், இப்போதைய சில கருவிகளில் மஜந்தாவாகவும் தெரியும்.

ஐ-ஸ்கேன், ஃபைஸ் என்று வேறு பெயர்களும் காதில் விழும். அவை வெள்ளை ஒளியில் எடுத்த படத்தைக் கணினியில் பிரித்து மேம்படுத்துகின்றன, ஒளியையே வடிகட்டுவதில்லை. பயன் உண்டு. ஆனால் என்பிஐ படங்களில் பழகிய கண்ணை அப்படியே அங்கே கொண்டுபோனால் ஏமாறுவீர்கள். உங்கள் அறையில் இருப்பது எந்த வகை என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

யாருக்கு உதவும், யாருக்கு உதவாது

சளிப் பரிசோதனையில் சந்தேகத்துக்குரிய செல்கள் இருந்தும் சிடி ஸ்கேனில் ஒன்றும் பிடிபடாதவர், நுரையீரலில் ஒரு பகுதியை அகற்றிய பின் தையல் முனையைக் கண்காணிக்க வேண்டியவர், தொண்டைப் புற்றுநோய் வந்துபோன நீண்ட நாள் புகைப்பிடிப்பவர், கட்டி எதுவரை பரவியிருக்கிறது என்று அறுவை சிகிச்சைக்கு முன் எல்லை பார்க்க வேண்டியவர் – இவர்களிடம் என்பிஐ தன் மதிப்பைக் காட்டும். குறிப்பாக, பெரிய மூச்சுக்குழாய்களின் சுவரில் தொடங்கும் ஸ்குவேமஸ் (தட்டைச் செல்) வகை மாற்றங்களில்.

நுரையீரலின் ஓரத்தில் இருக்கும் 15 மி.மீ. முடிச்சுக்கு இதைக் கேட்டு அடம்பிடிக்காதீர்கள். ஸ்கோப் அங்கே போகவே போகாது. அதற்கு ரேடியல் ஈபஸ் (மூச்சுக்குழாய்க்குள் விடும் அல்ட்ராசவுண்ட்) இருக்கிறது, சிடி வழிகாட்டும் ஊசி இருக்கிறது. வெளியிலிருந்து நிணநீர்க் கணு அழுத்துவதால் சுருங்கிய குழாயிலும் மேற்பரப்பு இயல்பாகவே இருக்கும். அங்கே தேவை ஊசி.

இன்னொரு உண்மையையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், வெள்ளை ஒளியோடு தன்னொளிர்வையும் சேர்க்கும்போது, பரவாத ஆரம்ப நிலை மாற்றங்களைக் கண்டுபிடிக்கும் திறன் ஏறக்குறைய இரண்டு மடங்கானது. ஏற்கெனவே பரவிவிட்ட புற்றுநோயில் கிடைத்த கூடுதல் பலன் கொஞ்சம்தான். கண்ணுக்கு முன்னால் காலிஃபிளவர் போல நிற்கும் கட்டியைக் கண்டுபிடிக்க எந்தச் சிறப்பு ஒளியும் வேண்டாம். அங்கே என்பிஐ செய்யும் வேலை வேறு: கட்டியின் எந்தப் பகுதி உயிரோடு இருக்கிறது, ஓரம் எங்கே முடிகிறது, எங்கே கிள்ளினால் ரத்தம் பீறிடும் என்று காட்டுவது.

படி 1: முந்தைய நாளே முடிக்க வேண்டியவை

சிடி படத்தை நீங்களே திறந்து பாருங்கள், ரிப்போர்ட்டை மட்டும் படிக்காதீர்கள். எந்தக் கிளையில் நிதானிக்க வேண்டும் என்பது அங்கேயே முடிவாகிவிடும்.

மருந்துப் பட்டியலில் முதலில் தேட வேண்டியது ரத்தம் உறைவதைத் தடுக்கும் க்ளோபிடோக்ரல். பயாப்ஸி உறுதி என்றால், இதய மருத்துவரைக் கேட்டு, வழக்கமாக 5 முதல் 7 நாள் முன்பே நிறுத்த வேண்டும். ஸ்டென்ட் வைத்துச் சில மாதங்களே ஆனவர்களிடம் இதைத் தன்னிச்சையாகச் செய்யவே கூடாது. ஆஸ்பிரின் மட்டும் என்றால் பொதுவாகத் தொடரலாம். வார்ஃபரின் எடுப்பவர்களுக்கு ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் அளவு) 1.5-க்குக் கீழே வரட்டும். பிளேட்லெட் 50,000-க்குக் குறைவாக இருந்தால் ஃபோர்செப்ஸைப் பற்றி யோசிக்கும் முன் மூத்தவரிடம் பேசுங்கள்.

ஒப்புதல் வாங்கும்போது, "நிறம் மாறிய ஒளியில் பார்ப்போம், அதற்கென்று தனி வலியோ கதிர்வீச்சோ கிடையாது, சில நிமிடம் கூடுதலாகும்" என்று சொல்லிவிடுங்கள். "லேசரா சார்?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள்.

படி 2: கருவியைத் தயார் செய்தல்

வெள்ளைச் சமநிலையை (ஒயிட் பேலன்ஸ்) வெள்ளை ஒளியில் சரிசெய்துவிட்டு, ஒரு முறை என்பிஐக்கு மாற்றிப் பாருங்கள். பொத்தான் வேலை செய்கிறதா, ஸ்கோப்பின் எந்தப் பொத்தானில் அது ஒதுக்கப்பட்டிருக்கிறது என்பதை நோயாளி படுப்பதற்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டும். நடுவில் தேடினால் முதலில் படம் உறையும், அடுத்து ரெக்கார்டிங் நிற்கும், மூன்றாவதாகத்தான் ஒளி மாறும்.

லென்ஸ் நுனியைச் சுத்தமான துணியால் துடையுங்கள். மேலே மெல்லிய படலம் இருந்தால் வெள்ளை ஒளியில் பெரிதாகத் தெரியாது. என்பிஐயில் எல்லா ரத்தக்குழாயும் பிசுபிசுத்துத் தெரியும்.

ரெக்கார்டிங் ஓடட்டும். உள்ளே பார்த்ததைவிட அதிகமாக, வெளியே வந்து வீடியோவில் பார்ப்பீர்கள்.

சில கருவிகள் வண்ணங்களை ஒன்றன்பின் ஒன்றாக வேகமாக அனுப்பிப் படத்தைக் கட்டும். அவற்றில் ஸ்கோப்பை வெடுக்கென்று அசைத்தால் ஓரங்களில் வானவில் போல நிறம் பிரியும். அது நோயில்லை. கையை நிறுத்துங்கள், சரியாகிவிடும்.

படி 3: இருமலை அடக்குதல்

இதில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். நோயாளி இருமினால் ஸ்கோப் சுவரில் இடிக்கும். இடித்த இடம் சிவக்கும். அந்தச் சிவப்பு என்பிஐயில் பழுப்புத் திட்டாகவும், தன்னொளிர்வில் மஜந்தாவாகவும் தெரியும். நாம் உண்டாக்கிய காயத்தையே நோய் என்று நினைத்துக் கிள்ளி, ஆய்வகத்துக்கு அனுப்பி, "அழற்சி மட்டுமே" என்று பதில் வாங்குவோம்.

மரத்துப்போவதற்கு லிக்னோகெயின். மொத்த அளவு கிலோவுக்கு 7 மி.கி.யைத் தாண்டாமல் இருப்பது பாதுகாப்பான வழக்கம். 60 கிலோ எடையுள்ளவருக்கு 420 மி.கி. தொண்டையில் 10 சதவீத ஸ்ப்ரே 6 தடவை அடித்தால், ஒன்றுக்கு 10 மி.கி. வீதம் 60 போய்விட்டது. மூக்கில் 2 சதவீத ஜெல் 5 மி.லி. வைத்தால் 100. மீதி 260 மி.கி. அதை 2 சதவீதக் கரைசலாக ஊற்றினால் 13 மி.லி.யில் தீர்ந்துவிடும், 1 சதவீதமாக ஊற்றினால் 26 மி.லி. வரை கையில் இருக்கும். 1 சதவீதமே பெரும்பாலும் போதும். கூட நிற்கும் செவிலியர் ஒவ்வொரு முறையும் மீதியை உரக்கச் சொல்லட்டும். வயதானவர்களிலும் கல்லீரல், இதயக் கோளாறு உள்ளவர்களிலும் இந்த உச்சவரம்பையே குறைத்துக்கொள்ளுங்கள்.

குரல்நாண்களில், மூச்சுக்குழலில், அது இரண்டாகப் பிரியும் முனையான காரைனாவில், அப்புறம் இருபக்க முதன்மைக் குழாய்களில் ஊற்றிவிட்டு அரை நிமிடம் நில்லுங்கள். அந்த அரை நிமிடம் பின்னால் பத்து நிமிடத்தை மிச்சப்படுத்தும்.

முக்கியமான எச்சரிக்கை: இந்தக் கட்டத்தில் அட்ரினலினும் வேண்டாம், ஐஸ் குளிர்ந்த உப்புநீரும் வேண்டாம். இரண்டும் ரத்தக்குழாய்களைச் சுருக்கிவிடும். நீங்கள் பார்க்க வந்ததே அந்தக் குழாய்களைத்தான்.

படி 4: தொடாமல் உள்ளே போவது

குழாயின் நடுவிலேயே செல்லுங்கள். சளி உறிஞ்சும்போது சக்ஷன் பொத்தானைத் தொடர்ந்து அழுத்திக்கொண்டே போகாதீர்கள். சுவர் இழுபட்டு, வட்டமாக ஒரு சிவப்புப் பொட்டு பதியும். சளிக்கு மேலே நின்று, சின்னச் சின்ன அழுத்தமாக எடுங்கள். ஒட்டியிருக்கும் சளியை அறை வெப்பநிலையில் உள்ள உப்புநீர் கொஞ்சம் விட்டு நனைத்து எடுக்கலாம். சளியின் மேல் என்பிஐ அடித்தால் வெளுத்த படலம்தான் தெரியும், கீழே இருப்பது தெரியாது.

ஈபஸ் ஸ்கோப்பும் அதே அமர்வில் போகப்போகிறது என்றால், சாதாரண ஸ்கோப்பில் பார்வையிடுவதை முதலில் முடித்துவிடுங்கள். ஈபஸ் ஸ்கோப் தடிமனானது, நுனியைச் சுவரில் ஒட்டித்தான் படம் எடுக்கும். போன வழியெல்லாம் தடம் விட்டுப் போகும்.

படி 5: முதல் சுற்று வெள்ளை ஒளியில்

நேராக என்பிஐயில் ஆரம்பிக்கும் ஆசை வரும். வேண்டாம். முதலில் வெள்ளை ஒளியில் இரு பக்கமும், எல்லாக் கிளைகளும். நோயில்லாத பக்கத்தில் தொடங்குங்கள். நிறம், வீக்கம், காரைனாவின் கூர்மை, கிளை பிரியும் முனைகள் தடித்திருக்கின்றனவா என்று பாருங்கள். ஆரம்ப மாற்றங்கள் இந்தப் பிரிவு முனைகளில் ஒளிந்துகொள்வது வழக்கம்.

படி 6: இரண்டாம் சுற்று என்பிஐயில்

இப்போது பொத்தானை அழுத்துங்கள். படம் வெள்ளை ஒளியைவிட இருட்டாக இருக்கும், அதனால் நெருங்க வேண்டும். சந்தேக இடத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குள் போய், மூச்சு வாங்கும் அசைவோடு கையைப் பழக்கி, நிலையாக நில்லுங்கள். தூரத்தில் வெறும் பழுப்புக் கறையாகத் தெரிவது, அருகில் போனதும் தனித்தனிக் குழாய்களாகப் பிரியும்.

முதலில் இயல்பான இடத்தைப் பார்த்துக் கண்ணைப் பழக்குங்கள். வேப்பிலை ஒன்றை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். நடு நரம்பிலிருந்து கிளை, கிளையிலிருந்து சிறு கிளை, போகப் போக மெலிந்து மறையும். இயல்பான சளிச்சவ்வின் ரத்தக்குழாய்களும் அப்படித்தான் ஒழுங்காகப் பிரிந்து, மெலிந்து மறையும். குருத்தெலும்பு வளையங்களுக்கு மேலே அவை குறுக்காக ஓடுவதையும் காணலாம்.

ஒழுங்கு கெடும்போது தெரியும் உருவங்கள் சில. 2000-களின் தொடக்கம் முதல் ஜப்பானின் சிபா பல்கலைக்கழகத்தில் ஷிபுயா குழுவினர் இவற்றில் பலவற்றை விவரித்தார்கள்.

பழுப்புப் புள்ளிகள்: ஒரு திட்டு முழுக்கப் பேனா முனையால் குத்திவைத்தது போல இருக்கும். அடியிலிருந்து நுண்குழாய்கள் கொண்டையாக வளைந்து மேலடுக்குக்குள் ஏறியிருக்கின்றன. கொண்டையின் நுனியை நேருக்கு நேர் பார்ப்பதால் புள்ளியாகத் தெரிகிறது. ஸ்குவேமஸ் டிஸ்ப்ளேசியாவிலும் (செல்கள் உருமாறத் தொடங்கும் நிலை), இடத்தைவிட்டு நகராத ஆரம்பப் புற்றிலும் இது வரும்.

நெளியும் குழாய்கள்: தடிமன் சீராக இல்லாமல், வளைந்து வளைந்து ஓடும்.

திருகு அல்லது சுருள்: தொலைபேசிக் கம்பி போலச் சுருண்டிருக்கும். இதைப் பார்த்தால் பரவும் தன்மையுள்ள ஸ்குவேமஸ் புற்று என்ற சந்தேகம் வலுக்க வேண்டும்.

திடீரென்று முடியும் குழாய்: மெலிந்து மறையாமல், வெட்டி விட்டது போல நிற்கும். இதுவும் நல்ல அறிகுறி இல்லை.

இப்போது ஏமாற்றுக்காரர்கள். நாட்பட்ட மூச்சுக்குழாய் அழற்சியில் ரத்தக்குழாய்கள் எண்ணிக்கையில் கூடும், ஆனால் கிளை பிரியும் ஒழுங்கு பெரும்பாலும் மிஞ்சியிருக்கும். இரண்டு பக்கமும் பரவலாகவும் இருக்கும். ஒரே ஒரு திட்டு மட்டும், அதைச் சுற்றி இயல்பான சுவர் என்றால் சந்தேகப்படுங்கள். புண் ஆறும் இடத்தில் வளரும் கிரானுலேஷன் திசுவும் ரத்தக்குழாய் நிறைந்தது. பழைய குழாய் வைத்த இடம், ஸ்டென்ட் ஓரம் ஆகியவற்றில் இதை எதிர்பார்க்க வேண்டும். தழும்பு வெளிறி, குழாய்கள் குறைந்து தெரியும். சார்காய்டோசிஸ் என்ற அழற்சி நோயில் நெளிந்த குழாய்கள் அடர்ந்த திட்டுகள் வரும். அங்கும் பயாப்ஸி எடுக்கும் இடத்தைத் தேர்ந்தெடுக்க இது கைகொடுக்கும். ஆனால் படத்தை மட்டும் வைத்து நோயின் பெயரைச் சொல்லிவிடாதீர்கள். காசநோயும் அதே இடத்தில் அதே போல உட்கார்ந்திருக்கலாம்.

தன்னொளிர்வும் இருந்தால்

வரிசை: வெள்ளை, தன்னொளிர்வு, என்பிஐ. தன்னொளிர்வு சந்தேகப் பேர்வழி. தூரத்திலிருந்தே "இங்கே ஏதோ இருக்கிறது" என்று கைகாட்டும், ஆனால் அழற்சி, தழும்பு, பழைய பயாப்ஸி இடம், இப்போது இருமியதில் இடித்த இடம் எல்லாவற்றையும் குற்றவாளி என்று சொல்லும். என்பிஐ அதே இடத்தை நெருங்கிப் பார்த்து, குழாய்களின் உருவத்தை வைத்து வடிகட்டும். இரண்டில் ஒன்றைத்தான் வாங்க முடியும் என்று யாராவது கேட்டால், என் கை என்பிஐ பக்கம் போகும். பல ஸ்கோப் கோபுரங்களில் அது ஏற்கெனவே உள்ளேயே இருக்கிறது, பொத்தானைத்தான் யாரும் அழுத்துவதில்லை.

படி 7: வரைபடமும் வரிசையும்

ஃபோர்செப்ஸைக் கேட்பதற்கு முன் ஒரு நிமிடம் நிறுத்துங்கள். சந்தேகப்பட்ட ஒவ்வொரு இடத்தையும் வெள்ளை ஒளியில் ஒரு படம், என்பிஐயில் ஒரு படம், கொஞ்சம் பின்வாங்கி கிளைவாயும் சேர்ந்து தெரியும்படி ஒரு படம் எடுங்கள். இந்த மூன்றாவது படத்தைத்தான் எல்லோரும் மறப்பார்கள். ஒரு வாரம் கழித்து, மிக நெருக்கமாக எடுத்த அழகான பழுப்புப் புள்ளிகளின் படம் எந்தக் கிளையில் எடுத்தது என்று யாருக்கும் தெரியாது.

அடுத்து, எந்த இடத்தை முதலில் கிள்ளுவது? பெரிய கட்டியை முதலில் எடுத்து வேலையை முடிப்போம் என்றுதான் தோன்றும். நான் ஒரு முறை அப்படிச் செய்து மாட்டிக்கொண்டேன். வலது மேல் மடல் வாயில் கட்டி, அதற்குக் கீழே இடைக்குழாயின் பின்சுவரில் 4 மி.மீ. அளவில் ஒரு புள்ளித் திட்டு. கட்டியிலிருந்து வந்த ரத்தம் மெதுவாக வழிந்து பின்சுவரை மூடிவிட்டது. கழுவினோம், உறிஞ்சினோம், மறுபடி கழுவினோம். கடைசியில் நினைவில் இருந்த இடத்தைக் குத்துமதிப்பாகக் கிள்ளினேன். முடிவு பயனில்லாத மாதிரி. நோயாளிக்கு மறுபடி ஒரு ஸ்கோப்.

அதனால் என் வரிசை இது: என்பிஐயில் மட்டும் தெரியும் சின்னத் திட்டு முதலில், கட்டி கடைசியில். மல்லாந்து படுத்திருப்பவருக்கு ரத்தம் பின்சுவர் வழியாகக் கீழே போகும். ஆகவே கீழே, பின்னால் இருப்பவை முன்னதாக, மேலே, முன்னால் இருப்பவை பின்னதாக. கிருமிப் பரிசோதனைக்கு நுரையீரல் கழுவுநீர் தேவை என்றால் அதையும் கிள்ளலுக்கு முன்பே எடுத்துவிடுங்கள். மறுபக்கத்தில் சந்தேக இடம் இருந்தால், கட்டி இருக்கும் பக்கத்தைத் தொடுவதற்கு முன் அங்கே எடுங்கள். கட்டியின் செல்கள் கருவியோடு ஒட்டிக்கொண்டு போய்க் குழப்பக் கூடாது.

படி 8: கிள்ளுவது

ஃபோர்செப்ஸ் நுழைந்தவுடன் சக்ஷன் படுத்துவிடும். 2 மி.மீ. சேனலில் கிட்டத்தட்ட ஒன்றும் இருக்காது, 2.8 மி.மீ. என்றால் கொஞ்சம் மிஞ்சும். ஆகவே சுத்தம் செய்வதெல்லாம் அதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். ஃபோர்செப்ஸ் படத்தின் எந்தப் பக்கத்திலிருந்து எட்டிப் பார்க்கும் என்பதை உங்கள் ஸ்கோப்பில் முன்பே பார்த்து வைத்துக்கொண்டு, திட்டு அந்தப் பக்கம் வருமாறு ஸ்கோப்பைத் திருப்புங்கள். நுனி வெளியே தெரிந்த பிறகுதான் திறக்கச் சொல்ல வேண்டும். சேனலுக்குள் திறந்தால் ஸ்கோப்புக்குச் செலவு வைப்பீர்கள்.

சின்னத் திட்டில் முதல் கிள்ளை என்பிஐயிலேயே எடுங்கள், ஓரம் அதில்தான் தெரிகிறது. அந்தக் கிள்ளு வீணானால் இரண்டாவதற்கு ரத்தத்தின் வழியாகத்தான் பார்க்க வேண்டும். சுவர் பக்கவாட்டில் இருந்து சாதாரணக் கிண்ண ஃபோர்செப்ஸ் வழுக்கினால், நடுவில் முள் உள்ளதைக் கேளுங்கள், ஊன்றிக்கொள்ளும். திறந்து, சுவரில் பதித்து, மூடச் சொல்லி, ஒரு நொடி பொறுத்து, மெதுவாக இழுங்கள். "திற", "மூடு" என்ற இரண்டு சொல்லைத் தவிர அந்த நேரத்தில் அறையில் வேறு பேச்சு வேண்டாம்.

பெரிய கட்டிக்கு வரும்போது என்பிஐ வேறு விதமாக உதவும். வெளுத்து, ரத்தக்குழாயே இல்லாமல் தெரியும் பகுதி செத்த திசு. அங்கே எத்தனை கிள்ளினாலும் ஆய்வகத்திலிருந்து "நெக்ரோசிஸ்" என்றுதான் வரும். பழுப்புக் குழாய்கள் உயிரோடு தெரியும் ஓரத்துக்குப் போங்கள். அதே சமயம் தடித்த நீலப்பச்சைக் குழாய் ஓடும் தடத்தை விட்டு விலகிக் கிள்ளுங்கள். கண்ணுக்குத் தெரியும் கட்டிக்குக் குறைந்தது 5 துண்டுகள். மரபணுப் பரிசோதனைகளும் பிடி-எல்1 பரிசோதனையும் (நோயெதிர்ப்பு சிகிச்சை பலிக்குமா என்று கணிக்க உதவுவது) தேவைப்படும் என்று தெரிந்தால் இன்னும் கூடுதலாக. மேற்பரப்பு இயல்பாக இருந்து அடியில் தடித்திருந்தால் ஃபோர்செப்ஸ் மேல்தோலை மட்டும் எடுத்துவரும், ஊசிதான் சரி.

இரண்டு இடங்களில் கையை நிறுத்துங்கள். செர்ரிப் பழம் போல வழவழப்பாக, மேலே தடித்த குழாய்கள் பின்னிக் கிடக்கும் உருண்டை, கார்சினாய்டு என்ற ரத்தக்குழாய் நிறைந்த கட்டியாக இருக்கலாம். எடுக்க முடியும், ஆனால் ரத்தப்போக்கை அடக்கும் ஏற்பாடு பக்கத்தில் இருக்க வேண்டும். இன்னொன்று, சில மி.மீ. அளவில், வெண்மையான தொப்பி போட்டது போல மேடிட்டு, அழற்சியே இல்லாத சுவரில் தனியாக நிற்கும் சிறு புடைப்பு. டூலஃபோய் எனப்படும் பிறழ்ந்த தமனி இப்படி ஒளிந்திருக்கும். கிள்ளினால் உயிருக்கே ஆபத்தான ரத்தப்போக்கு வரும். சந்தேகம் வந்தாலே ஃபோர்செப்ஸை உள்ளே இழுத்துக்கொண்டு, ஈபஸ் டாப்ளரில் ரத்த ஓட்டம் இருக்கிறதா என்று பார்க்க ஏற்பாடு செய்யுங்கள்.

படி 9: ரத்தம் வந்த பிறகு

கிள்ளியதும் வெள்ளை ஒளிக்குத் திரும்புங்கள். ரத்தம் எவ்வளவு, எங்கிருந்து என்று மதிப்பிட என்பிஐ உதவாது. எல்லாம் கருப்பாகத் தெரிந்து, கொஞ்சம் கசிந்தாலும் பெரிதாகப் பயமுறுத்தும். இதுவரை ஒதுக்கி வைத்த குளிர்ந்த உப்புநீருக்கும், தேவைப்பட்டால் உங்கள் துறையின் நடைமுறைப்படி நீர்த்த அட்ரினலினுக்கும் இப்போதுதான் நேரம். நிற்கவில்லை என்றால் ஸ்கோப்பின் நுனியை அந்தக் கிளைவாயில் அடைத்து வைத்துச் சில நிமிடம் காத்திருங்கள். அவசரப்பட்டு உறிஞ்சிக்கொண்டே இருந்தால் உறைகட்டி பெயர்ந்துவிடும். பெருக்கெடுத்தால் ரத்தம் வரும் பக்கத்தைக் கீழே இருக்குமாறு நோயாளியைத் திருப்பி, நல்ல நுரையீரலைக் காப்பாற்றுங்கள். மூச்சுக்குழாய் அடைக்கும் பலூனும், செயற்கைச் சுவாசக் குழாய் செருகும் இன்டியூபேஷன் தட்டும் அதே அறையில் இருக்க வேண்டும். பக்கத்து அறையில் இருந்தால் இல்லாத மாதிரிதான்.

படி 10: மாதிரியும் குறிப்பும்

ஒவ்வோர் இடத்துக்கும் தனி பாட்டில். எல்லாத் துண்டையும் ஒரே ஃபார்மலினில் போட்டால், காலையிலிருந்து பாடுபட்டுப் போட்ட வரைபடம் வீண். 10 சதவீத நடுநிலை ஃபார்மலினில், துண்டு உலர்வதற்குள் போடுங்கள்.

கோரிக்கைத் தாளில் "மூச்சுக்குழாய் பயாப்ஸி, புற்றா?" என்று மட்டும் எழுதி அனுப்புவதைப் பார்த்திருக்கிறேன். நோயியல் மருத்துவர் என்ன செய்வார்? இப்படி எழுதிப் பாருங்கள்:

"பாட்டில் 1: வலது இடைக்குழாய், பின்சுவர், 4 மி.மீ. தட்டைத் திட்டு. வெள்ளை ஒளியில் லேசான சிவப்பு. என்பிஐயில் புள்ளி வடிவக் குழாய்கள், ஓரம் தெளிவு. டிஸ்ப்ளேசியா இருந்தால் தரம் குறிப்பிடவும். பாட்டில் 2: வலது மேல் மடல் வாய், மேடிட்ட கட்டி, ஓரத்திலிருந்து 6 துண்டுகள். மரபணுப் பரிசோதனைக்குத் திசுவைச் சேமிக்கவும்."

இரண்டு நிமிடம் கூடுதலாகும். ஆனால் திசுவை ஆழமாக வெட்டிப் பார்க்க வேண்டுமா என்று முடிவெடுக்க அவருக்கு இது போதும்.

நோயாளிக்குத் தொண்டை உணர்வு திரும்பும்வரை, சுமார் 2 மணி நேரம், தண்ணீர்கூட வேண்டாம். மயக்க ஊசி போட்டிருந்தால் அன்று வண்டி ஓட்டக் கூடாது. சளியில் கோடு கோடாக ரத்தம் ஓரிரு நாள் வரலாம், கட்டியாக வந்தாலோ மூச்சு முட்டினாலோ நெஞ்சு வலித்தாலோ உடனே வரச் சொல்லுங்கள்.

ரிப்போர்ட் வந்த அன்று

என்பிஐ படத்தையும் நோயியல் முடிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். புள்ளி என்று நீங்கள் நினைத்தது வெறும் அழற்சி என்று வந்திருந்தால், வீடியோவை ஓட்டி, அந்தத் திட்டு உள்ளே நுழைந்தபோதே இருந்ததா, ஸ்கோப் இடித்த பிறகு வந்ததா என்று தேடுங்கள். பெரும்பாலான தவறுகள் அங்கேதான் பிடிபடும்.

டிஸ்ப்ளேசியா என்று வந்தால் எல்லாமே புற்றாக மாறிவிடாது. ஒரு பகுதி தானாகவே மறைந்துபோவதும் உண்டு. தரத்தைப் பொறுத்துக் கண்காணிப்பு. அடுத்த ஸ்கோப்பின்போது நீங்கள் கிள்ளிய இடமே தழும்பாகி, தன்னொளிர்வில் மஜந்தாவாக நிற்கும். கிளைவாயோடு சேர்த்து எடுத்த அந்த மூன்றாவது படத்தைப் பக்கத்துத் திரையில் திறந்து வைத்துக்கொண்டு உள்ளே போங்கள். பழைய கிள்ளு எந்த ஓரத்தில் விழுந்தது என்று தெரிந்தால், அதை விட்டுத் தள்ளி மிச்சமிருக்கும் திட்டை மட்டும் பார்க்கலாம்.